முழங்காலில் வலித்த குடல்: ஓர் ஆப்டுரேட்டர் குடலிறக்கம்

நோயாளிக்கு வயது 81. உயரம் 148 செ.மீ., எடை 36 கிலோ. ஆறு பிள்ளை பெற்றவர், ஆறும் சுகப்பிரசவம். வயிற்றில் இதுவரை கத்தி பட்டதில்லை. சர்க்கரை கிடையாது, ரத்த அழுத்தத்துக்குக் காலையில் ஒரு மாத்திரை. மலச்சிக்கல் பல வருடமாக உண்டு. ஊர் காரைக்குடிக்குப் பக்கம். ஊர்ப் பெயரை விட்டுவிட்டேன், அடையாளம் காட்டக்கூடிய ஒன்றிரண்டு விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். எழுதிக்கொள்ள ஆச்சியும் மகனும் சம்மதம் சொன்னார்கள்.

வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், நோய்க்கும் அதற்கும் தொடர்பு இருக்கிறது. முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு அடுத்த தெருவில் முடிகிற வளவு வீடு. ஒரு காலத்தில் நாலைந்து புள்ளி, அதாவது குடும்பம், ஒன்றாகப் புழங்கிய இடத்தில் இப்போது ஆச்சியும், சமையலுக்கு வரும் ஒரு பெண்ணும், வாசலில் ஒரு காவல்காரரும்தான். பிள்ளைகள் சென்னை, கோவை, மலேசியா என்று போய்விட்டார்கள். இரண்டு வருடத்துக்கு முன் வீட்டுக்காரர் தவறிய பிறகு ஆச்சி ஒரு பொழுதுதான் சாப்பிடுகிறார். அப்போது 44 கிலோ என்று ஒரு பழைய பரிசோதனைச் சீட்டில் இருந்தது. எட்டு கிலோ இறங்கியதை யாரும் கவனிக்கவில்லை. சுங்குடிப் புடவைக்குள் எட்டு கிலோ எளிதாக மறைந்துவிடும். போதாக்குறைக்கு, வயதானால் வற்றத்தான் செய்யும் என்று நாமே சொல்லிக்கொள்கிறோம்.

முதல் தடவை

ஐப்பசி அடைமழையில் ஒருநாள் ராத்திரி கொண்டுவந்தார்கள். வயிற்றைச் சுருட்டிப் பிடிக்கிற வலி, நாலு தடவை வாந்தி. நிற்கவைத்து எடுத்த எக்ஸ்ரேயில் சிறுகுடலில் மூன்று இடத்தில் நீர்மட்டம் தெரிந்தது, குடல் அடைத்ததன் அடையாளம். மூக்கு வழியாக ரைல்ஸ் குழாய் போட்டு, டிரிப் ஏற்றினோம். ஏறக்குறைய 30 மணி நேரத்தில் காற்றுப் பிரிந்தது, வயிறு தணிந்தது. அல்ட்ராசவுண்டில் வாயு மறைத்தது போக மிச்சம் எல்லாம் சாதாரணம். சிடி எடுத்துவிடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். ஆச்சி அதற்குள் இரண்டு இட்லி சாப்பிட்டிருந்தார், மகனுக்குச் சென்னைக்கு ரயில். ‘பகுதிக் குடலடைப்பு, மருந்தில் சரியானது’ என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

இது என் பிழை. அறுவை செய்த வயிறாக இருந்தால், பழைய அறுவைக்குப் பின் குடலை ஒட்டிப் பிடிக்கும் தழும்பான ஒட்டுத்திசு மேல் பழியைப் போட்டுவிட்டுப் போகலாம். கத்தியே படாத வயிற்றில் குடல் அடைத்துத் தானாகத் திறந்துகொண்டது என்றால், எது அடைத்தது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. நான் அதைக் கேட்காமல் வீட்டுக்கு அனுப்பினேன்.

இரண்டாம் தடவை

மார்கழியில், பிள்ளையார் நோன்பு முடிந்த மூன்றாம் நாள் மறுபடி வந்தார். நோன்பன்று வழக்கப்படி, இனிப்பு மாவில் வைத்து ஏற்றிய இழைத் திரியை மாவோடு சேர்த்து விழுங்கியிருக்கிறார். அன்று ராத்திரியே வலி தொடங்கியதால் வீட்டில் எல்லோரும் மாவு சேரவில்லை என்றே முடிவு கட்டியிருந்தார்கள். ஓமத் தண்ணீரும், மருந்துக்கடையில் வாங்கிய வாயு மாத்திரையுமாக இரண்டு நாள் போயிற்று. மூன்றாம் நாள் வாந்தி பச்சையிலிருந்து பழுப்பாகி நாற்றமெடுக்கவும்தான் வண்டி வைத்தார்கள்.

நாடி 112. ரத்த அழுத்தம் 96/60. நாக்கு உலர்ந்து காய்ந்த இலை மாதிரி. வயிறு உப்பியிருந்தது, மெலிந்த வயிற்றுச் சுவர் வழியாகக் குடல் நெளிவது கண்ணுக்கே தெரிந்தது. அழுத்தினால் வலி உண்டு, ஆனால் வயிறு பலகையாக இறுகவில்லை. இரண்டு கவட்டையிலும் வீக்கம் இல்லை. இருமச் சொல்லிப் பார்த்தேன், தொடைப் பக்கக் குடலிறக்கம் வரும் இடத்தைத் தனியாகத் தடவிப் பார்த்தேன். ஒன்றும் கைக்குத் தட்டவில்லை. ஆசனவாய் வழியாகப் பார்த்ததில் மலக்குடல் காலி.

ரத்தத்தில் வெள்ளை அணு 13,400. ஹீமோகுளோபின் 9.8. சிறுநீரகம் திணறுவதைக் காட்டும் கிரியேட்டினின் 1.9, சோடியம் 129, பொட்டாசியம் 3.0, ஊட்டம் குறைந்ததைக் காட்டும் ஆல்புமின் 2.7.

குடலடைப்பு என்பதில் சந்தேகம் இல்லை. எதனால் என்பதுதான் பாக்கி. நம் பக்கத்தில் கத்தி படாத வயிறு அடைத்தால் முதலில் நினைவுக்கு வருவது குடல் காசநோய், கடைசிச் சிறுகுடலில் வரும் சுருக்கம். இந்த வயதில் பெருங்குடல் புற்றுநோயையும் நினைக்க வேண்டும். பித்தப்பைக் கல் குடலுக்குள் இறங்கி அடைப்பதும் வயதான பெண்களிடம்தான் பார்க்கிறோம். நான் மனதுக்குள் காசநோய்ப் பக்கம் பாதிக்கு மேல் சாய்ந்துவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

குழாய் போட்டு, டிரிப்பில் திரவம் ஓடத் தொடங்கிய பிறகு, “ஆச்சி, வலி எந்த இடத்துல இருக்குன்னு கையை வச்சுக் காட்டுங்க” என்றேன்.

“வயிறு கெடக்கட்டும் தம்பி. இந்தக் காலுக்கு ஒரு வழி சொல்லுங்க.”

வலது காலை மடக்கி வயிற்றோடு சேர்த்துக்கொண்டு படுத்திருந்தார். வந்ததிலிருந்து அப்படியேதான் கிடந்திருக்கிறார், நான் வயிற்று வலிக்காக என்று நினைத்துவிட்டேன். கையை வைத்துக் காட்டியது வலது தொடையின் உள்பக்கம், கவட்டைக்குக் கீழே தொடங்கி முழங்காலின் உள்புறம் வரை. ஏழெட்டு மாதமாக விட்டுவிட்டு வரும் வலி. வேறு ஓர் இடத்தில் காட்டி, எக்ஸ்ரே எடுத்து, தேய்மானம் என்று சொல்லி, வலி மாத்திரையும் முழங்கால் பட்டையும் கொடுத்திருந்தார்கள். 81 வயதில் யாருக்கு எக்ஸ்ரே எடுத்தாலும் தேய்மானம் தெரியும், அவர்கள் சொன்னது பொய்யில்லை. அந்த வலி மாத்திரையும் மூன்று நாள் வாந்தியும் சேர்ந்துதான் கிரியேட்டினினை 1.9-க்கு ஏற்றியிருக்க வேண்டும்.

அப்புறம் கதை தானாக வந்தது. முகப்பிலிருந்து வளவுக்குள் போகும் நிலைப்படியைத் தாண்டக் காலை எட்டி வைத்தால் சுளீர் என்று இழுக்கும். இருமினால் இழுக்கும். பட்டாலையில் காலை மடக்கி உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் விட்டுவிடும். தேய்ந்த முழங்கால் இதற்கு நேர்மாறாக நடந்துகொள்ளும். மடக்கினால் வலிக்கும், நீட்டினால் சுகம். இந்த ஒரு வித்தியாசத்தை ஆச்சி ஏழு மாதமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

ஒரு நரம்பின் வழி

இடுப்பெலும்பின் கீழ்ப்பாகத்தில் இரண்டு பக்கமும் பெரிய துளை உண்டு. ஆப்டுரேட்டர் துளை என்று பெயர். உறுதியான சவ்வு அதை மூடியிருக்கும். மேல் ஓரத்தில் மட்டும் 2 முதல் 3 செ.மீ. நீளத்தில், ஒரு செ.மீ. அகலத்தில் சின்னச் சந்து. ஆப்டுரேட்டர் நரம்பும் அதோடு ரத்தக் குழாய்களும் தொடைக்குள் இறங்கும் வழி அது. மீதி இடத்தைக் கொழுப்பு அடைத்திருக்கும், கதவிடுக்கில் துணி செருகினாற்போல. உடம்பு வற்றினால் அந்தத் துணி போய்விடும். பெண்களின் இடுப்பு அகலம், சந்தும் பெரிது. பல பிரசவம் கண்ட உடம்பில் இடுப்புத் தளமும் தளர்ந்திருக்கும். மலச்சிக்கலில் முக்குவதும் இருமுவதும் மேலிருந்து தள்ளும். இடப்பக்கச் சந்தைப் பெருங்குடலின் கடைசி வளைவான சிக்மாய்டு ஓரளவு மூடிக்கொண்டிருப்பதால் வலப்பக்கமே அதிகம் பிதுங்கும். மெலிந்த, வயதான, பல பிள்ளை பெற்ற பெண், வலது பக்கம்: பாடப்புத்தகம் வரையும் உருவமும் எனக்கு முன்னால் படுத்திருந்தவரும் ஒன்று.

எல்லா வகைக் குடலிறக்கத்தையும் சேர்த்தால் இது நூற்றில் ஒன்றுகூட வராது. தொடைத் தசைகளுக்கு அடியில் ஆழத்தில் இருப்பதால் வெளியே வீக்கமும் தெரியாது. பிதுங்கிய குடல் நரம்பை நசுக்கும்போது தொடை உள்புறமும் முழங்காலும் வலிக்கும். 1840-ல் லண்டன் அறுவை மருத்துவர் ஹௌஷிப்பும், 1848-ல் பெர்லின் நரம்பியல் மருத்துவர் ரோம்பெர்க்கும் இதைத் தனித்தனியே எழுதிவைத்தார்கள். இருவர் பெயரையும் சேர்த்து ஹௌஷிப்-ரோம்பெர்க் அறிகுறி என்கிறோம். தொடையை நீட்டி, அகட்டி, உள்பக்கம் திருப்பினால் வலி ஏறும், மடக்கினால் இறங்கும். தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். கட்டிலில் பார்த்தது அன்றுதான்.

மெதுவாகக் காலை நீட்டி உள்பக்கம் திருப்பினேன். ஆச்சி என் கையைப் பிடித்துக்கொண்டார். இன்னொரு சோதனை உண்டு. 1980-ல் ஹானிங்டன்-கிஃப் என்பவர் சொன்னது. முழங்காலுக்கு நாலைந்து விரற்கடை மேலே உள்தொடைத் தசை மேல் விரலை வைத்து, அந்த விரல் மேல் சுத்தியலால் தட்ட வேண்டும். இடது தொடை துள்ளியது. வலது தொடை அசையவில்லை. முழங்கால் துள்ளல் மட்டும் இரண்டு பக்கமும் ஒழுங்காக இருந்தது. அந்தத் துள்ளல் வேறு நரம்பின் வேலை, அதனால் பழுது ஆப்டுரேட்டர் நரம்பில்தான்.

சிடி எடுக்க அனுப்பும்போது இரண்டு விஷயத்தைத் தொலைபேசியிலேயே சொன்னேன். கிரியேட்டினின் 1.9 என்பதால் சாய ஊசி வேண்டாம், இந்தக் கேள்விக்குச் சாயம் இல்லாத படமே போதும். இரண்டாவது, படத்தை இடுப்பு மட்டத்தோடு நிறுத்திவிடாமல் தொடையின் மேல்பகுதி வரை இறக்க வேண்டும். வயிற்று ஸ்கேன் என்று மட்டும் எழுதி, இடுப்பின் முன்பக்கத்தில் இருக்கும் பூப்பெலும்பின் மேல் விளிம்போடு நிறுத்திவிட்டால், விடை கடைசிப் படத்துக்கு ஒரு விரல் கீழே கிடக்கும்.

வலது பக்கம், பெக்டினியஸ் தசைக்கும் ஆப்டுரேட்டர் எக்ஸ்டெர்னஸ் தசைக்கும் நடுவே, ஏறக்குறைய 2.5 செ.மீ. அளவில் குடல். அதற்கு மேலே உள்ள சிறுகுடல் 3.8 செ.மீ. விரிந்திருந்தது. கீழே உள்ளது சுருங்கிக் கிடந்தது. வெளியே கசிந்த காற்று இல்லை.

பழைய கோப்பை எடுத்துவரச் சொன்னேன். ஐப்பசியில் ராத்திரிப் பணியில் இருந்த செவிலியர் தன் குறிப்பில் எழுதியிருந்தார்: ‘வலது முழங்கால் வலி என்றார். தைலம் தடவப்பட்டது.’ என் கையெழுத்து அதற்கு மூன்று வரி கீழே இருக்கிறது.

வீட்டாரோடு

மகன் விடியற்காலையில் வந்து சேர்ந்தார். “ஆத்தாளுக்கு இந்த வயசுல வயித்தைத் திறக்கணுமா டாக்டர்? போன தடவை மாதிரி குழாய்லயே சரியாயிடாதா?” போன தடவை அப்படி விட்டது நான்தான் என்பதால் இதற்குப் பதில் சொல்வது சுலபமாக இல்லை. சிக்கியது குடலின் ஒரு பகுதி, மூன்று நாளாகிவிட்டது, இனி தானாக விடுபடாது, விடுபட்டாலும் செத்த குடல் உள்ளே கசியும் என்றேன். போன தடவை ஸ்கேன் எடுத்திருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை, கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். மதுரைக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டார். போகலாம், ஆனால் இரண்டு மணி நேரம் பயணத்தில் போகும், அங்கே போய் மறுபடி எல்லாம் முதலிலிருந்து. மயக்க மருத்துவர் சம்மதித்தால் இங்கேயே செய்கிறேன் என்றேன். மயக்க மருத்துவர் ஆறு மணி நேரம் கேட்டார், திரவமும் பொட்டாசியமும் ஏற்ற. நான் நாலு மணி நேரம் கொடுத்தேன். சிறுநீர் மணிக்கு 30 மி.லி. இறங்கத் தொடங்கியதும் உள்ளே போனோம்.

அறுவை

லேப்ராஸ்கோப்பியில், அதாவது சிறு துளை வழியாக, செய்ய முடிகிற அறுவைதான், குடல் உப்பாமல் நிலைமை நிதானமாக இருந்தால். இங்கே இரண்டும் இல்லை. தொப்புளுக்குக் கீழே நடுக்கோட்டில் திறந்தோம். லேசாகச் சிவந்த திரவம் 400 மி.லி. இருந்தது. விரிந்த குடலைக் கையால் தொடர்ந்து போனால் அது நேராக வலது இடுப்புச் சுவருக்குள் நுழைந்து நின்றது. பெருங்குடல் சந்திப்பிலிருந்து 60 செ.மீ. மேலே, சிறுகுடல் சுவரின் ஒரு பக்கம் மட்டும் சிக்கியிருந்தது. ரிக்டர் வகை. குடலின் முழு வட்டமும் மாட்டாததால்தான் ஐப்பசியில் வழி திறந்துகொண்டது போலிருக்கிறது.

இழுத்து எடுக்கக் கூடாது. செத்த சுவர் கையோடு கிழிந்து வந்துவிடும். உதவியாளரை வெளியே தொடையின் உள்பக்கத்திலிருந்து மெதுவாக மேல்நோக்கி அழுத்தச் சொன்னேன். அசையவில்லை. மெல்லிய நெலட்டான் குழாயைக் குடலின் ஓரமாகச் சந்துக்குள் விட்டு 50 மி.லி. உப்பு நீரைச் செலுத்தினோம், உள்ளிருந்து தண்ணீரே தள்ளட்டும் என்று. கொஞ்சம் நகர்ந்தது, வரவில்லை. கடைசியில் வளையத்தின் கீழ் உள் ஓரத்தில் நாலு மி.மீ. வெட்டினேன். நரம்பும் ரத்தக் குழாயும் பெரும்பாலும் வெளிப்பக்கமாக இருக்கும் என்பதால் அந்த ஓரம். பூப்பெலும்புக் கிளைக்குப் பின்னால் கொரோனா மோர்ட்டிஸ், அதாவது மரணக் கிரீடம் என்று பெயர் வாங்கிய ஒரு ரத்தக் குழாய் ஓடுகிறது. வெட்டுப்பட்டால் சுருங்கி உள்ளே போய் ஒளிந்துகொள்ளும். பெயரை வைத்தவர்கள் சும்மா வைக்கவில்லை.

குடல் வெளியே வந்தது. இரண்டு செ.மீ. அளவுக்குக் கறுத்த திட்டு, நடுவில் காகிதம் போல் மெலிந்து. வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றிப் பத்து நிமிடம் பார்த்தோம். சுற்றிலும் இருந்த ஊதா நிறம் சிவந்தது, திட்டு கறுப்பாகவே இருந்தது. பத்து செ.மீ. குடலை வெட்டி எடுத்துக் கையாலேயே தைத்து இணைத்தேன்.

அடுத்து ஓட்டை. ஒன்றரை செ.மீ. அகலம். நல்ல நிலையில் இருந்த குடல் என்றால் ஓட்டையை மூடச் செயற்கை வலை வைத்திருப்பேன். குடலை வெட்டிய வயிற்றில், ஆல்புமின் 2.7 இருக்கும் உடம்பில் வலை வைக்க எனக்குத் துணிச்சல் இல்லை. வயிற்றின் உள்சவ்வான பெரிட்டோனியத்தை மூன்று புரோலின் நூல் தையலில் மூடி, அதன் மேல் கருப்பையின் வட்டத் தசைநாரை இழுத்துப் போர்த்தித் தைத்தேன். இது பழைய வழி. வலையை விரும்புகிறவர்கள் மீண்டும் பிதுங்கும் என்பார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இடது பக்கத்தையும் விரலால் பார்த்தபோது சிறு குழி தட்டியது. அதற்கும் ஒரு தையல். மொத்தம் ஒரு மணி நாற்பது நிமிடம்.

1724-ல் பாரிசில் அர்னோ த ரோன்சில் இந்தக் குடலிறக்கத்தை முதலில் விவரித்தார். 1851-ல் ஹென்றி ஓப்ரே வெற்றிகரமாக அறுவை செய்தார். இடையில் 127 வருடம். கையெட்டாத இடத்தில் ஒளிந்திருக்கும் நோய் அது என்பதற்கு இந்த இடைவெளியே அத்தாட்சி.

பிறகு

முதல் 18 மணி நேரம் ரத்த அழுத்தத்தைத் தாங்க நார்அட்ரினலின் சிறிய அளவில் ஓடியது. இரண்டாம் நாள் காலை சுற்றுக்குப் போனபோது ஆச்சி வலது காலை நீட்டிப் படுத்திருந்தார். வயிற்றுத் தையல் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். “கால் லேசாயிடுச்சு தம்பி” என்றார்.

மூன்றாம் நாள் கஞ்சித் தண்ணீர் ஆரம்பித்ததும் பாஸ்பேட் சரிந்தது. இரண்டு வருடம் அரை வயிறாக இருந்த உடம்புக்குத் திடீரென்று உணவு ஏறினால் வரும் சங்கடம் இது. கலோரியைப் பாதியாக்கி, பாஸ்பேட்டும் தயமினும் கொடுத்து, ஐந்து நாளில் மெல்ல ஏற்றினோம். பேரன் கவுனி அரிசிக் கஞ்சி கொண்டுவந்து, “அப்பத்தாவுக்கு இதுதான் பிடிக்கும், கொடுக்கலாமா?” என்று தினமும் கேட்பான். ஏழாம் நாள்தான் சரி என்றேன். நாலாம் நாள் வலது நுரையீரல் அடியில் நிமோனியா வந்தது, ஆக்சிஜனும் மருந்தும் மூச்சுப் பயிற்சியுமாகத் தணிந்தது. காயத்தில் கீழ்ப்பக்கம் இரண்டு தையலைப் பிரித்துச் சீழை வெளியேற்ற வேண்டியிருந்தது. குடல் இணைப்பு கசியவில்லை. பதின்மூன்றாம் நாள் வீட்டுக்குப் போனார்.

திசுப் பரிசோதனையில் ரத்தம் போகாமல் குடல் சுவர் முழு ஆழத்துக்கும் செத்தது தெரிந்தது. காசநோய்க்கான அடையாளம் ஏதும் இல்லை.

பணியிலிருக்கும் இளம் மருத்துவர்களிடம் அந்தக் கோப்பைக் காட்டி ஒரு சின்ன மாற்றம் செய்தோம். குடலடைப்போடு வரும் வயதானவர்களின் சேர்க்கைத் தாளில் ‘எடை’ என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் ‘இரண்டு வருடத்துக்கு முன் எடை’ என்றும், வயிற்றுப் படத்துக்குக் கீழே ‘தொடை, முழங்கால் வலி’ என்றும் இரண்டு கட்டம் சேர்த்தோம். அதற்குப் பின் இதுவரை இன்னொரு ஆப்டுரேட்டர் வரவில்லை. ஒரு தொடைக் குடலிறக்கம் அந்தக் கட்டத்தால் அன்றைக்கே பிடிபட்டது.

ஆறு மாதம் கழித்து வந்தபோது ஆச்சியின் எடை 39 கிலோ. சமையலுக்கு வரும் பெண் ராத்திரியும் தங்கி, இரண்டு வேளை சாப்பிட வைக்கிறார். காலை நீட்டி, திருப்பிப் பார்த்தேன், இழுப்பு இல்லை. வலது உள்தொடையும் தட்டினால் துள்ளியது, இடது அளவுக்கு இல்லை. முழங்கால் பட்டையை இன்னும் போட்டிருந்தார்.

“இது எதுக்கு ஆச்சி இன்னும்?”

“முழங்கால் வலிதான். மாடிப்படி ஏறினா வலிக்குது, மடக்குனா வலிக்குது. ஆனா இது வேற வலி தம்பி.”